தேமல்னு நினைச்சு விட்டுறாதீங்க: தொழுநோய் பற்றி சுங்கை பூலோ சொல்லும் பாடம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு சுங்கை பூலோ என்றதும் இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, கோவிட்-19 காலத்தில் தினமும் செய்தியில் வந்த மருத்துவமனை. இன்னொன்று, பூச்செடி நர்சரிகள். ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போய் துளசி, செம்பருத்தி, கறிவேப்பிலைக் கன்று வாங்கி வராத குடும்பங்கள் குறைவு.

அந்த நர்சரிகளில் பலவும் இருக்கும் நிலம், ஒரு காலத்தில் தொழுநோயாளர்களை ஊரிலிருந்து பிரித்து வைத்த குடியிருப்பு. 1930ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த இடத்தில், ஒரு கட்டத்தில் 2,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். அங்கே தங்கிவிட்டவர்கள் பிழைப்புக்காகத் தொடங்கிய செடி வியாபாரம்தான் இன்று நாம் பார்க்கும் நர்சரிகளின் தொடக்கம்.

"அது பழைய கதையாச்சே, இப்ப எதுக்கு?" என்று கேட்கலாம். தொழுநோய் இன்னும் முடிந்துபோகவில்லை என்பதுதான் காரணம். 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை மலேசியா 1994ஆம் ஆண்டிலேயே எட்டிவிட்டது. அதை 'ஒழிப்பு' என்று சொன்னாலும், நோயே இல்லை என்று பொருள் அல்ல. இன்றும் ஆண்டுதோறும் புதிதாக நோய் கண்டறியப்படுகிறது. உலக அளவில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்குக் கண்டறியப்பட்டது. அதில் பாதிக்கும் மேல் இந்தியாவில்.

இந்த நோய்க்கு மருந்து உண்டு. முழுமையாகக் குணமாகும். மருந்தும் இலவசம். அப்படியிருந்தும் சிலருக்கு விரல் மடங்கிப் போகிறது, பாதத்தில் புண் வருகிறது. தாமதமாக வந்ததுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம்.

தொழுநோய் என்றால் என்ன?

இது பாவத்தால் வருவதோ, சாபத்தால் வருவதோ அல்ல. பரம்பரை நோயும் அல்ல. ஒரு கிருமியால் வருகிறது. நோர்வே நாட்டைச் சேர்ந்த டாக்டர் ஹான்சன் 1873ஆம் ஆண்டில் அந்தக் கிருமியைக் கண்டறிந்தார். அதனால் ஹான்சன் நோய் என்றும் இதற்குப் பெயர் உண்டு. மலாயில் 'குஸ்தா' என்பார்கள்.

காசநோய்க் கிருமிக்கு இது உறவுக்கிருமி. ஆனால் மிக மெதுவாகப் பெருகும். ஒரு கிருமி இரண்டாவதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதனால், கிருமி உடலுக்குள் போய் அறிகுறி தெரிவதற்குச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகலாம். சிலருக்கு 20 ஆண்டுகள்கூட ஆகும். "எனக்கு யாருகிட்ட இருந்து வந்துச்சு?" என்று தேடிப் பார்ப்பதில் பலன் இல்லை.

தோலையும், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளையும் இந்தக் கிருமி தாக்குகிறது. நரம்பு பாதிக்கப்பட்டால் சூடு, குளிர், வலி தெரியாது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

எப்படிப் பரவும்? எப்படிப் பரவாது?

சிகிச்சை பெறாத ஒருவரோடு மாதக்கணக்கில் நெருங்கிப் பழகும்போது, அவரது மூக்கு, வாயிலிருந்து வரும் நீர்த்துளிகள் வழியாகப் பரவுகிறது. அப்படியும் எல்லாருக்கும் வராது. மனிதர்களில் சுமார் 95 விழுக்காட்டினருக்கு இந்த நோயை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு. குழந்தை பிறந்ததும் போடப்படும் பிசிஜி தடுப்பூசியும் ஓரளவு பாதுகாப்பு தரும்.

கை குலுக்கினால் பரவாது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் பரவாது. எம்ஆர்டியில் ஒரே இருக்கையில் உட்கார்ந்தால் பரவாது. கருவில் இருக்கும் குழந்தைக்குப் போகாது. மருந்து தொடங்கிவிட்டால் கிருமிகள் வேகமாகச் செத்துவிடும். அதன் பிறகு அவரிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவாது. அதனால் அவரைத் தனி அறையில் வைக்கவோ, தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்கவோ தேவையில்லை.

என்னென்ன அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

• சுற்றியுள்ள தோலைவிட வெளிறிய அல்லது சிவந்த படை. அந்த இடத்தில் தொட்டால் உணர்வு குறைவாக இருக்கும், வியர்க்காது, முடி உதிர்ந்திருக்கலாம்.

• கை, கால்களில் மரத்துப்போதல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு.

• சுண்டுவிரலும் மோதிர விரலும் வலுவிழந்து மடங்கத் தொடங்குதல். சட்டைப் பொத்தான் போட முடியாமல் போதல்.

• நடக்கும்போது பாதம் தொங்குதல். செருப்பு கழன்று போனாலும் தெரியாமல் இருத்தல்.

• காது மடல் தடித்தல், முகத்தில் சிறு கட்டிகள், புருவ முடி உதிர்தல்.

• கண்ணை முழுதாக மூட முடியாமல் போதல்.

• வலியே இல்லாத தீக்காயம் அல்லது பாதப் புண்.

வலி இல்லாமலும் அரிப்பு இல்லாமலும் இருப்பதுதான் இந்த நோயின் சிக்கல். "அரிக்கல, வலிக்கல, அப்புறம் எதுக்கு டாக்டரு?" என்று தோன்றும். உண்மையில் அரிக்காத, வலிக்காத, மரத்துப்போன படையைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

தேமலா, படர்தாமரையா, 'இனிப்பு நீர்' பிரச்சினையா?

நம் வீடுகளில் குழப்பம் வருவது இங்கேதான்.

தேமல்: கழுத்து, முதுகு, நெஞ்சில் மெல்லிய செதிலோடு வரும். உணர்வு மாறாது.

படர்தாமரை: வட்டமாக, ஓரம் சிவந்து, நல்ல அரிப்போடு வரும்.

வெண்புள்ளி: பால் போல வெள்ளையாக இருக்கும். தொட்டால் உணர்வு தெரியும். இதை 'வெண்குஷ்டம்' என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்தப் பெயரால் இந்தப் பிரச்சினை உள்ளவர்கள் பலர் வீணாக ஒதுக்கப்பட்டார்கள். வெண்புள்ளிக்கும் தொழுநோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது தொற்றவே தொற்றாது.

இனிப்பு நீர்: நீரிழிவு உள்ளவர்களுக்கும் கால் மரத்துப் போகும். பொதுவாக இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி, விரல் நுனியிலிருந்து தொடங்கும். நம் சமூகத்தில் இனிப்பு நீர் அதிகம் என்பதால், மரத்துப்போனால் உடனே "அதுதான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரு பக்கம் மட்டும் மரத்துப் போனாலோ, அதோடு தோலில் படையும் இருந்தாலோ டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒரு எளிய சோதனை செய்யலாம். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பஞ்சின் நுனியால் படையின் மேலும், அதற்குப் பக்கத்துத் தோலிலும் மெதுவாகத் தொடுங்கள். தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். படையில் தொட்டது தெரியவில்லை என்றால் கிளினிக்குக்குப் போங்கள். தெரிந்தாலும், படை பல வாரம் மறையாமல் இருந்தால் காட்டுவது நல்லது. முகத்தில் வரும் படைகளில் உணர்வு குறையாமலும் இருக்கலாம். ஊசியால் குத்திப் பார்ப்பது, நெருப்புச் சூடு வைத்துப் பார்ப்பது இரண்டும் வேண்டாம்.

ஃபார்மசியில் கிரீம் வாங்கி மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருப்பதும் கூடாது. சில கிரீம்களில் உள்ள ஸ்டீராய்டு படையின் நிறத்தை மங்கச் செய்யும். நோய் உள்ளுக்குள் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும்.

எங்கே போவது?

முதலில் வீட்டுக்கு அருகில் உள்ள அரசாங்கக் கிளினிக்குக்கு, அதாவது கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகலாம். குடிமக்களுக்கு அங்கே சாதாரண சிகிச்சைக் கட்டணம் 1 ரிங்கிட். டாக்டர் தோலையும், முழங்கை, முழங்கால் பக்கத்து நரம்புகளையும் தொட்டுப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அனுப்புவார். காது மடலிலோ படையிலோ சிறிதாகக் கீறி எடுத்து, கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சிறு தோல் துண்டையும் எடுத்துச் சோதிப்பார்கள்.

"போனா பிடிச்சு சுங்கை பூலோவுல போட்டுருவாங்க" என்ற பயம் சில பெரியவர்களுக்கு இன்னும் இருக்கிறது. இப்போது அப்படி எதுவும் கிடையாது. 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் தொழுநோய் கண்டறியப்பட்டால் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது உண்மை. டிங்கிக்கும் காசநோய்க்கும் இதே விதிதான். குடும்பத்தில் மற்றவர்களைப் பரிசோதிக்கவும், சிகிச்சையைத் தொடர்ந்து கண்காணிக்கவும்தான் இந்தத் தகவல் தேவைப்படுகிறது. நோயாளி வீட்டிலேயே இருந்து, வேலைக்குப் போய்க்கொண்டே மருந்து சாப்பிடலாம்.

சிகிச்சை எத்தனை நாள்?

ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் என்று மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதுதான் கூட்டு மருந்துச் சிகிச்சை. 28 நாளுக்கு ஓர் அட்டை. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, படை 5 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் 6 மாதம். அதற்கு மேல் இருந்தாலோ, கீறல் சோதனையில் கிருமி தெரிந்தாலோ 12 மாதம். நோயாளியின் நிலையைப் பார்த்து டாக்டர் இதை மாற்றலாம்.

ஒரு மருந்து போதாதா, ஏன் மூன்று? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்ததில் சுங்கை பூலோவுக்கும் பங்கு உண்டு. 1940களின் பிற்பகுதியில் சல்ஃபோன் வகை மருந்துகள் வந்தபோது நோய் குணமாகத் தொடங்கியது. பின்னர் டாப்சோன் மட்டும் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்ட சிலருக்கு நோய் மீண்டும் தலைதூக்கியது. கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது என்பதை, சுங்கை பூலோ நோயாளிகளை ஆய்வு செய்து டாக்டர்கள் பெட்டிட், ரீஸ் இருவரும் 1964ஆம் ஆண்டில் நிரூபித்தார்கள். ரிஃபாம்பிசின் தொழுநோய்க் கிருமியை எவ்வளவு வேகமாகக் கொல்கிறது என்ற தொடக்க ஆய்வும் இங்கே நடந்து 1970ஆம் ஆண்டில் வெளியானது. ஒரே மருந்தை நம்பக்கூடாது என்ற இந்தப் பாடத்தால்தான் 1980களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. மலேசியா 1985ஆம் ஆண்டில் அதைத் தொடங்கியது.

அதனால் "படை மறைஞ்சிருச்சு, மருந்த நிறுத்திடலாம்" என்று நீங்களாக முடிவெடுக்காதீங்க. பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பலாம். கிருமி மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம்.

மருந்து சாப்பிடும்போது என்ன ஆகும்?

சிறுநீர் சிவப்பாகப் போகலாம். ரிஃபாம்பிசினால் வருவது, பயப்பட வேண்டாம். தோல் கொஞ்சம் கறுக்கலாம். குளோஃபசிமினால் வருவது, மருந்து முடிந்த பிறகு மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்கு வரும். இந்தக் கறுப்பைப் பார்த்து அக்கம் பக்கத்தில் கேட்பார்களே என்று மருந்தை விட்டவர்கள் உண்டு. முன்கூட்டியே தெரிந்திருந்தால் சமாளிக்கலாம்.

கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரிஃபாம்பிசின் அதன் பலனைக் குறைக்கும். ரத்தச் சிவப்பணுவைப் பாதிக்கும் ஜி6பிடி குறைபாடு இருந்தாலும் சொல்ல வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைமைகளும் இருக்கின்றன. மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சல், உடல் முழுக்கத் தடிப்பு, கண் மஞ்சளாதல் வந்தால் டாப்சோன் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அதேபோல் படைகள் திடீரென்று சிவந்து வீங்கினாலோ, நரம்பில் வலி வந்தாலோ, கை கால் திடீரென்று பலமிழந்தாலோ, கண் சிவந்து வலித்தாலோ அது 'எதிர்விளைவு' எனப்படும். சிகிச்சைக்கு முன்பும் நடுவிலும் முடிந்த பிறகும் இது வரலாம். நோய் முற்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம். உடம்பின் எதிர்ப்புசக்தி கிருமியோடு மோதுவதால் வருவது. உடனே மருந்து கொடுத்தால் நரம்பைக் காப்பாற்றலாம். சில நாள் தள்ளிப்போட்டாலே நிரந்தர ஊனம் வரலாம்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யணும்?

ஒருவருக்கு நோய் என்றால் வீட்டில் எல்லாரும் ஒருமுறை தோலைக் காட்டிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளை விட்டுவிடாதீங்க. நெருங்கிப் பழகியவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுப்பது நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டிலிருந்து பரிந்துரைக்கிறது. அது தேவையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். இப்போது அறிகுறி இல்லை என்றாலும், அடுத்த சில ஆண்டுகளுக்குக் கவனமாகப் பார்த்துக்கொள்வது அவசியம்.

உணவகம், தொழிற்சாலை வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஃபோமெமா பரிசோதனையில் தொழுநோயும் பார்க்கப்படுகிறது. ஆனால் அறிகுறி தெரிய ஆண்டுகள் ஆகும். தோலில் படையோடு ஒரு தொழிலாளி வந்து சொன்னால், வேலை போய்விடும் என்று அவர் மறைக்கத் தேவையில்லாதபடி கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அவர் மறைத்தால் பாதிப்பு அவருக்கும் அவரோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர்களுக்கும்தான்.

மரத்துப்போன கை காலைப் பார்த்துக்கொள்வது எப்படி?

தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி விழும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அது தவறு. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், வலி தெரியாததால் ஏற்படும் காயங்களும் அவற்றில் தொற்றும் சீழும்தான் விரல்களை அழிக்கின்றன என்பதை எடுத்துக்காட்டினார். மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்க வைக்கும் முறைகளையும் அவர் அங்கே வளர்த்தெடுத்தார்.

அந்த அறிவிலிருந்து வந்த பழக்கங்கள் எளிமையானவை. இனிப்பு நீரால் கால் மரத்தவர்களுக்கும் இவை பொருந்தும்.

• தினமும் இரவு பாதத்தையும் உள்ளங்கையையும் பாருங்கள். அடிப்பாதத்தைப் பார்க்கக் கண்ணாடி உதவும்.

• கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, எண்ணெய் தடவுங்கள். வெடிப்பு வராது. இனிப்பு நீர் உள்ளவர்கள் ஊறவைப்பதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்.

• வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கோவிலுக்குப் போகும்போது வெயிலில் சுடும் தரையில் கவனம் தேவை. தீமிதியும் பால்குடத்துக்கு வெறுங்கால் நடையும் வேண்டாம்.

• சூடான பாத்திரத்தைத் துணி பிடித்தே இறக்குங்கள்.

• சின்னக் காயம் என்றாலும் கழுவிக் கட்டி, அந்தக் காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

பயம் எங்கிருந்து வந்தது?

1926ஆம் ஆண்டில் அப்போதைய மலாய்க் கூட்டரசு மாநிலங்களில் வந்த சட்டம், தொழுநோயாளர்களைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க வழி செய்தது. அதுவரை கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் இருந்த காப்பகம் நெரிசலாகவும் மோசமாகவும் இருந்தது. அதைக் கவனித்துவந்த டாக்டர் டிராவர்ஸ், சிறைபோல் இல்லாமல் தோட்டத்தோடு கூடிய ஒரு கிராமமாக இருக்க வேண்டும் என்று முன்னெடுத்த திட்டம்தான் சுங்கை பூலோ. சின்ன சின்ன வீடுகள், பள்ளிக்கூடம், கோவில், பள்ளிவாசல், தேவாலயங்கள் எல்லாம் இருந்தன. அங்கே மட்டும் செல்லும் தனிப் பணத்தாள்கூட சில காலம் இருந்தது.

அது எவ்வளவு அழகாக இருந்தாலும், விருப்பப்பட்டு வந்தவர்கள் குறைவு. அங்கே பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, பலர் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். வயதான பிறகு பெற்றவர்களைத் தேடி வந்த பிள்ளைகளும் உண்டு. குணமான பிறகும் வீட்டில் ஏற்றுக்கொள்ளாததால் அங்கேயே தங்கிவிட்டவர்கள் பலர்.

1969ஆம் ஆண்டில் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியதும், வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் வழி திறந்தது. 2006ஆம் ஆண்டில் பக்கத்திலேயே சுங்கை பூலோ மருத்துவமனை வந்தது. 2007ஆம் ஆண்டில் பல்கலைக்கழக வளாகத்துக்காகக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. எஞ்சிய பகுதி 2019ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது.

அந்த வேலியும் சட்டமும் போய்விட்டன. அவற்றால் வந்த பயம் மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது. "ஊருக்குத் தெரிஞ்சா பொண்ணுக்குக் கல்யாணம் ஆகாது" என்று மறைப்பதும், 'குஷ்டரோகி' என்பதைத் திட்டும் வார்த்தையாகப் பயன்படுத்துவதும் அந்தப் பயத்தின் மிச்சம்தான். தொழுநோய் வந்தவர், குணமானவர் என்று சொன்னால் போதும்.

சுருக்கமாக

• மரத்துப்போன, அரிக்காத படை இருந்தால் கிளினிக் போங்க.

• தொழுநோய் 6 அல்லது 12 மாதச் சிகிச்சையில் குணமாகும். மருந்து இலவசம்.

• சிகிச்சை தொடங்கியவரிடமிருந்து பரவாது. அவரை ஒதுக்க வேண்டாம்.

• நரம்பு வலி, திடீர் பலவீனம், கண் வலி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்க.

• வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லாரும் பரிசோதித்துக்கொள்ளுங்க.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிறு உலகத் தொழுநோய் நாள். ஆனால் தோலைப் பார்த்துக்கொள்ள அந்த நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவு குளித்துவிட்டு வரும்போது ஒரு நிமிடம் போதும். முதுகை வீட்டில் இருப்பவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.